கிளை நூலகத்தில் ஒரு புத்தகம் நம் கைக்கு எப்படி வருகிறது?

சொத்து வரி ரசீதை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். வரித் தொகையோடு 'நூலக வரி' என்றும் ஒன்று சேர்ந்திருக்கும். தமிழ்நாட்டில் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலகங்களுக்காக வசூலாகிறது. மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ அதை வாங்கி, அந்தந்த மாவட்டத்தின் நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். உங்கள் தெருமுனைக் கிளை நூலகத்தில் காலையில் வந்து விழும் நாளிதழ், தலைக்கு மேல் ஓடும் மின்விசிறி, அலமாரியில் ஏறும் புதுப் புத்தகம் எல்லாவற்றிலும் இந்தப் பணத்துக்குப் பங்கு உண்டு. சொந்த வீடு இல்லாதவரும் கொடுக்கிற வாடகை வழியாக இதைச் செலுத்திக்கொண்டுதான் இருக்கிறார். ஆகவே நூலகப் படியேறும் எவரும் சலுகை கேட்டு நிற்கத் தேவையில்லை. அது அவர் காசில் நடப்பது.

இந்த ஏற்பாட்டைத் தந்தது 1948-இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவில் இப்படியொரு சட்டம் கண்ட முதல் மாகாணம் நம்முடையது. அதற்குப் பின்னால் பல ஆண்டுகள் உழைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணக்கு ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். அரசு மானியத்தை மட்டும் நம்பினால், நிதி நெருக்கடி வரும் ஆண்டில் முதலில் வெட்டுப்படுவது நூலகம்தான். வரி என்று சட்டத்தில் எழுதிவிட்டால் அது நிலையான வருமானம். வசூலான தொகை ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேருவதில் தாமதம் என்பது பழைய குறைதான். ஆனால் அந்த வருமானம் இல்லாதிருந்தால் மாநிலம் முழுவதும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் இன்று இருந்திருக்காது.

பணத்துக்கு வழி செய்தாயிற்று, கட்டடம் இருக்கிறது, புத்தகமும் வருகிறது. இதற்கு மேல் ஒரு வேலை இருக்கிறது. நாம் அதிகம் கவனிக்காததும் அதுதான்.

ஏதாவது ஒரு கிளை நூலகத்தில் நாவல் அடுக்கிலிருந்து இரண்டு பழைய புத்தகங்களை எடுத்து, உள்ளே ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். ஒன்றில் ஊதா மையில் தேதி முத்திரைகள் வரிசை வரிசையாக இறங்கி, இடம் போதாமல் மேலே இன்னொரு சீட்டு ஒட்டியிருப்பார்கள். பக்கத்திலேயே இருந்த மற்றதில் இரண்டே முத்திரை, அல்லது அதுவும் இல்லை. இரண்டும் ஒரே வரிப் பணத்தில் வாங்கியவை. முத்திரை விழாத புத்தகம் மோசமான புத்தகம் என்று முடிவு கட்டிவிட முடியாது. அதை விரும்பிப் படித்திருக்கக்கூடிய ஒருவர் அதே தெருவில் இருந்திருப்பார். அப்படியொரு புத்தகம் இருப்பதே அவருக்குத் தெரியாமல் போயிருக்கும்.

ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது விதி இதைத்தான் பேசுகிறது: ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகரைத் தேடித் தருவது நூலகத்தின் பொறுப்பு. வாசகருக்கு நூல் கிடைக்க வேண்டும் என்கிற இரண்டாவது விதியை யாரும் ஒப்புக்கொள்வார்கள். மூன்றாவது, பொறுப்பை வாசகரிடமிருந்து எடுத்து நூலகத்தின் தலையில் வைக்கிறது. அதே 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் எஸ்.வி. கனகசபை பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அந்த விதிக்கு இதைவிட நேரான விளக்கத்தை நான் கண்டதில்லை.

வண்டி இல்லாத இடத்தில் அலமாரியாலேயே அந்த வேலையைச் செய்ய முடியும். பூட்டிய அலமாரியும் சீட்டு எழுதிக் கொடுத்துக் காத்திருக்கும் முறையும் வழக்கமாயிருந்த நாளில், வாசகர் உள்ளே நடந்துபோய்த் தானே எடுத்துப் புரட்டட்டும் என்று திறந்துவிட்டவர் ரங்கநாதன். எடுத்துப் புரட்டும்போது பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது முக்கியம். நூல்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்குவதன் நோக்கமே அதுதான். மண்வளம் பற்றி ஏதாவது கிடைக்குமா என்று வந்த விவசாயி, அதை எடுக்கும் கையோடு அடுத்திருக்கும் ஏரிப் பாசன நூலைப் பார்ப்பார். தேடி வராத ஒன்று கிடைக்கும். இணையத்தில் வாங்கும்போது நாம் ஏற்கெனவே வாங்கியதைப் போன்றவையே திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. நூலக அடுக்குக்கு நம் பழைய விருப்பம் எதுவும் தெரியாது. அதனால்தான் அது புதிதாக ஒன்றைக் காட்டுகிறது. ஆனால் வரிசை கலைந்து, இடம் போதாமல் ஒன்றின் பின்னால் ஒன்றாகச் சொருகிவிட்டால் இந்தப் பலன் மொத்தமும் போய்விடும். பெரும்பாலான கிளைகளில் ஒரே நூலகர்தான் இருக்கிறார். முத்திரை குத்துவதும் அவர், கணக்கு எழுதுவதும் அவர், கூட்டுகிற ஆள் வராத நாளில் கூட்டுவதும் அவர். அடுக்கு கலைந்து கிடப்பதற்கு அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

வழக்கமாக வருபவர்களைக் கவனித்தால் தெரியும், அவர்கள் முதலில் போவது அலமாரிக்கு இல்லை. திரும்பி வந்த புத்தகங்கள் குவிந்திருக்கும் மேசைக்குத்தான் போவார்கள். முன்பின் தெரியாத யாரோ எடுத்துப் போய்ப் படித்திருக்கிறார் என்பதே ஒரு சிபாரிசு. தினமும் அந்தக் குவியலின் ஓரத்தில், நெடுநாளாக அசையாத நூல்களில் நாலைந்தை நூலகர் எடுத்து வைத்தால் போதும். பத்துப் பைசா செலவில்லை.

அசையாத நூல்கள் இவ்வளவு சேர்ந்ததற்கு வாங்கிய முறையும் ஒரு காரணம். தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு 'லைப்ரரி ஆர்டர்' என்பது வாழ்வாதாரம். முன்பெல்லாம் ஒரு தலைப்பு தேர்வானால் நூற்றுக்கணக்கில் பிரதிகள் போகும். பதினாறு பக்கம் கொண்ட ஒரு ஃபாரத்துக்கு இவ்வளவு என்று விலை வைத்தார்கள். எந்த ஊரில் யார் எதைக் கேட்கிறார்கள் என்பதற்கு அந்தக் கணக்கில் இடம் இருக்கவில்லை. ஆர்டரை மனத்தில் வைத்தே அச்சான புத்தகங்களும் உண்டு. 2024-இல் அரசு வெளிப்படையான நூல் கொள்முதல் கொள்கையைக் கொண்டுவந்து, பதிப்பாளர்கள் இணையதளம் வழியே விண்ணப்பிக்கும் முறையை ஏற்படுத்தியது. இது நல்ல மாற்றம். ஆனால் நல்ல புத்தகத்தை வாங்கிவிட்டால் மட்டும் மூன்றாவது விதி நிறைவேறிவிடாது.

அதற்குத்தான் வாசகர் வட்டம். கிளை நூலகங்களில் இப்படியொரு அமைப்பு பெயரளவிலாவது இருக்கிறது. பல ஊர்களில் அது கட்டடத்துக்கு நாற்காலி வாங்கித் தருகிறது, புரவலர்களைச் சேர்க்கிறது, விழா நடத்துகிறது. இவை தேவையான வேலைகள், அதில் ஈடுபடுபவர்கள் மரியாதைக்குரியவர்கள். ஆனால் விழா என்றால் மேடை, பொன்னாடை, சிறப்புரை. கீழே உட்கார்ந்திருப்பவர் வாய் திறக்க நேரம் இருக்காது. ஒரே புத்தகத்தை எல்லோரும் படித்துவிட்டு வந்து வட்டமாக உட்காரும் கூட்டம் வேறு மாதிரி இருக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒரு சிறுகதையின் நடையைச் சிலாகிக்கும்போது, எதிரே இருக்கும் தையல்காரப் பெண்மணி, "சார், அந்த மாமியார் அப்படிப் பேசியிருக்கவே மாட்டா" என்று சொல்வார். அதற்கு மூன்றாமவர் மறுப்புச் சொல்வார். கூட்டம் முடிந்ததும் இரண்டு பேராவது அந்த எழுத்தாளரின் அடுத்த தொகுப்பை அலமாரியில் தேடுவார்கள். பத்து மதிப்புரைகள் படித்தாலும் வராத வேகம் அது.

வாசகர்கள் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழிலேயே பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. 1960-களில் சுதந்திரப் போராட்டத் தலைவர் சத்தியமூர்த்தியின் மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி 'வாசகர் வட்டம்' என்ற பெயரிலேயே பதிப்பகம் தொடங்கினார். உறுப்பினர்கள் பணம் கட்டிச் சேர்வார்கள், புத்தகம் வீடு தேடி வரும். சா. கந்தசாமியின் முதல் நாவலான 'சாயாவனம்' அப்படி வந்தது. தி. ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'யும் அப்படித்தான். அறிமுகமில்லாத ஒரு புது எழுத்தாளரின் நாவலுக்கு முன்கூட்டியே வாசகர்கள் காத்திருந்தார்கள்.

கிளை நூலக வட்டத்துக்கு நடைமுறையில் ஒரு தடை உண்டு. எல்லோரும் ஒரே நூலைப் படிக்க வேண்டும், நூலகத்தில் இருப்பதோ ஒரு பிரதி. ஆனால் அதே தலைப்பு பக்கத்து ஊர்க் கிளைகளிலும் ஒவ்வொன்று கிடக்கும். மாவட்ட மைய நூலகம் அவற்றில் ஒரு பத்துப் பிரதிகளைத் திரட்டிக் கட்டாகக் கட்டி, மாதம் ஒரு கிளை என்று சுற்றுக்கு விட்டால், ஏற்கெனவே வாங்கிய புத்தகமே போதும். இதற்கு ஆணைக்குழுவின் ஒரு சுற்றறிக்கை தவிர வேறென்ன வேண்டும்?

இன்று பல நூலகங்களில் கூட்டம் அதிகமாக இருப்பது போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களால். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்போருக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. காலை முதல் மாலை வரை அங்கேயே இருக்கும் இவர்களை வாசகர் வட்டங்கள் பெரும்பாலும் அழைப்பதில்லை. அழைக்க வேண்டும். நூலகத்துக்கு வரும் பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. குரூப் 4 தாளை மூடிவைத்துவிட்டு அரை மணி நேரம் ஒரு சிறுகதையைப் பேசக் கூப்பிட்டால் வர மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.

உறுப்பினராகச் சேரச் சிறு காப்புத் தொகையும் ஆண்டுச் சந்தாவும் முகவரிச் சான்றும் போதும். கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிறு திறந்திருக்கும். இந்த ஞாயிறு அங்கே போனால், நூலகரிடம் வாசகர் வட்டம் எப்போது கூடுகிறது என்று கேளுங்கள். கூடுவதில்லை என்று பதில் வந்தால், உங்களோடு இன்னும் நாலு பேரின் பெயரை எழுதிக் கொடுத்து, எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம் என்று அவரையே கேளுங்கள்.