தாத்தா அளந்த ஜாக்கெட்

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் எனக்குத் தெரிந்த வீடு ஒன்று. அந்த வீட்டு ஆறாம் வகுப்புப் பையன் அரையாண்டு விடுமுறைக்குக் காஷ்மீரில் உள்ள குல்மர்க்குக்குக் கிளம்பினான். பனிச்சறுக்கு பழகப் போகிறானாம். அதற்காக அவன் அப்பா செல்போனில் ஆர்டர் போட்ட ஜாக்கெட் வந்து சேர்ந்தது. பார்சலைப் பிரித்த கையோடு மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றான். ஐந்து நிமிஷத்தில் வியர்த்து ஊற்றியது. மார்கழியில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வமான ஊர் அது!

ஜாக்கெட்டில் தொங்கிய அட்டையில் "10,000 மி.மீ." என்று போட்டிருந்தது.

"தாத்தா, பத்தாயிரம் மில்லிமீட்டர்னா பத்து மீட்டர்லா? சட்டை இம்புட்டுத்தான் இருக்கு!"

தாத்தா அந்தக் காலத்தில் சங்கு குளித்தவர். "பத்து மீட்டரா? அது அஞ்சரைப் பாகம்லா. அந்த ஆழத்துக்கு நான் எத்தன தடவ போயிருப்பேன் தெரியுமால?" என்றார்.

இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நன்றாக நீட்டினால், ஒரு கை விரல்நுனியிலிருந்து மறு கை விரல்நுனி வரை உள்ள நீளம்தான் பாகம். சுமார் 1.83 மீட்டர். கடல்காரர்கள் ஆழத்தை அப்படித்தான் சொல்வார்கள். தாத்தா பேச்சுவாக்கில் சொன்னார். ஆனால் பையன் கேட்ட கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது. அட்டையில் இருந்தது நீளம் அல்ல, ஆழம்!

துணியை விரித்து, அதன்மேல் தண்ணீரின் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். எத்தனை மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் வரை துணி ஒழுகாமல் தாங்குகிறதோ, அதுதான் அட்டையில் வரும் எண். பத்து மீட்டர் ஆழத்தில் கடல்நீர் நம்மை அழுத்துவது, பூமியின் காற்று மண்டலம் முழுவதும் நம்மை அழுத்துவதற்கு ஏறக்குறையச் சமம். மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிப் பார்கள் பலவும் அதைவிட ஆழத்தில் கிடக்கின்றன. (தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். சங்கு குளிப்பது இன்றும் நடக்கிறது.)

மழைக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். மழைத்துளி அத்தனை அழுத்தாதுதான். ஆனால் பனிச்சறுக்கு பழகுகிறவர் முதல் நாள் முழுக்க விழுந்துகொண்டேதான் இருப்பார். ஈரப் பனியில் உட்காரும்போதும் முழங்காலை ஊன்றும்போதும் உடம்பின் எடை முழுவதும் அந்தச் சின்ன இடத்தில் இறங்கும். தண்ணீர் அங்கேதான் துணிக்குள் புகப் பார்க்கும்.

புகுந்தால் என்ன? தாத்தாவைக் கேளுங்கள். நம் கடல் 28 டிகிரி இருக்கும். வெந்நீர் மாதிரிதான் தோன்றும். ஆனாலும் ஒரு மணி நேரம் முங்கி எழுந்தால் பல் கிட்டும். அசையாத காற்றைவிட 20 மடங்குக்கும் அதிகமான வேகத்தில் தண்ணீர் வெப்பத்தைக் கடத்திவிடுகிறது. போதாததற்கு, வள்ளத்தில் ஏறியதும் காற்று அடித்து, ஈரம் ஆவியாகும்போது இன்னும் வெப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும்.

இங்கே ஒரு ரகசியம். எந்த ஜாக்கெட்டும் உங்களைச் சூடாக்குவதில்லை. சூடு உங்கள் உடம்புடையது. ஜாக்கெட் அதை ஓடவிடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். மீன்பிடித் துறைமுகத்தில் தெர்மாகோல் பெட்டி பார்த்திருப்பீர்களே! தெர்மாகோலில் பெரும்பங்கு காற்றுதான். குட்டிக் குட்டி அறைகளில் அடைபட்ட காற்று. வெளிச்சூட்டை உள்ளே விடாமல் அது ஐஸைக் காக்கிறது. ஜாக்கெட்டில் அடைபட்ட காற்றோ உள்சூட்டை வெளியே விடுவதில்லை. மீன்பெட்டிக்கும் பனிச்சட்டைக்கும் தத்துவம் ஒன்றே.

அதனால்தான் ஒரே தடித்த சட்டையைவிட மூன்று மெல்லிய சட்டைகள் மேல். உடம்பை ஒட்டி ஒன்று, காற்றைப் பிடித்துவைக்க பஞ்சுபோன்ற ஃபிளீஸ் ஒன்று, வெளியே காற்றையும் ஈரத்தையும் தடுக்க இந்த ஜாக்கெட். கொஞ்சம் தொளதொளவென்று இருக்கட்டும். இறுக்கினால் காற்றுக்கு இடம் ஏது?

உடம்பை ஒட்டியதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வழக்கமான பருத்தி பனியன்மேல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். பருத்தியைக் குறை சொன்னால் தூத்துக்குடியில் என்னை அடிக்க வருவார்கள், 1908-ல் வ.உ.சி. முன்னின்று வேலைநிறுத்தம் நடத்திய கோரல் மில்லே பருத்தி மில்தானே! நம் வெயிலுக்குப் பருத்தியைப்போல் வராது. வியர்வையைக் குடித்து, மெல்ல ஆவியாக்கி, உடம்பைக் குளிர்விக்கும். பனிமலையில் அந்த நல்ல குணமே வினை. சறுக்கும்போது வியர்க்கும், நின்றதும் நனைந்த பனியன் சில்லிடும். அங்கே கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடைதான் சரி. பாலியெஸ்டர் இழை தண்ணீரைக் குடிக்காது. கம்பளி ஈரமானாலும் கதகதப்பை முழுக்க விட்டுவிடாது. காலுறைக்கும் இதே விதிதான். இரண்டு ஜோடியைத் திணித்துப் போடாதீர்கள், ரத்த ஓட்டம் நெருக்குண்டு விரல் இன்னும் விறைக்கும்.

சரி, தண்ணீர் உள்ளே வராத ஜாக்கெட்டிலிருந்து வியர்வை மட்டும் எப்படி வெளியேறும்? மழைக்கோட்டுக்குள் வியர்வையில் ஊறியவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். 1969-ல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் சூடேற்றிய டெஃப்லானை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். நம் தோசைக்கல்லில் ஒட்டாமல் இருக்கப் பூசுகிறார்களே, அதே டெஃப்லான்தான். அது அறுந்துபோகவில்லை, நீண்டு நுண்துளைகள் நிறைந்த படலமாயிற்று. அந்தத் துளைகள் நீர்த்துளியைவிடப் பல ஆயிரம் மடங்கு சிறியவை. ஆவியில் உள்ள நீர் மூலக்கூறைவிடப் பல நூறு மடங்கு பெரியவை. துளி உள்ளே வராது, ஆவி வெளியே போய்விடும். நல்ல ஜாக்கெட்டுகளில் இப்படியொரு படலமோ இதே வேலையைச் செய்யும் வேறு பூச்சோ இருக்கும்.

கறுப்புக் கண்ணாடியையும் மறக்க வேண்டாம். உப்பளத்தில் நடுப்பகலில் கண்கூசி நின்றிருக்கிறீர்களா? புதுப்பனி அதைவிடப் பொல்லாதது. தன்மேல் விழும் புறஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை முகத்தில் திருப்பி அடிக்கும்.

எல்லாவற்றையும் வாங்கித்தான் ஆக வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். வளருகிற பிள்ளைக்கு அடுத்த வருஷமே கை ஏறிவிடும். குல்மர்க்குக்குப் போகும் வழியில் தங்மர்க் கடைகளில் ஜாக்கெட்டும் பூட்ஸும் வாடகைக்குக் கிடைக்கின்றன. உள்ளாடை, காலுறை, கையுறை மட்டும் சொந்தமாக இருக்கட்டும். வாடகை ஜாக்கெட்டில் அட்டை இருந்தால் பாருங்கள். அதில் உள்ள எண்ணை 1,830-ஆல் வகுத்தால் பாகம் வந்துவிடும். 20,000 என்று இருந்தால் எத்தனை பாகம்? கணக்குப் போட்டு, வீட்டில் கடல் தெரிந்த தாத்தா இருந்தால், அந்த ஆழத்துக்குப் போயிருக்கிறாரா என்று கேளுங்கள்.