ஈரத்தகட்டில் நின்றவர்கள்

பதுளையிலிருந்து நமுனுகுல மலைப்பக்கமாக ஏறி ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தைக் கண்டவர்கள், அங்கே கொழுந்தெடுக்கும் பெண்களின் விரல்கள் ஓரிடத்தில் க்ஷணமும் தங்காமல், இரண்டிலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிச் சேர்த்து, பிடி நிறைந்ததும் தோளுக்குமேல் கூடைக்குள் எறிந்துவிட்டு அடுத்த செடிக்குத் தாவுவதைக் கவனித்திருப்பார்கள். அவ்வாறிருக்க, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலங்கைத் தோட்டப் புகைப்படங்களில் தொழிலாளர் சிலைகளாக நிற்பானேன் என்று கேட்டால், காரணத்தில் பாதி துரைமாரின் சுபாவம். மற்றப் பாதி இரசாயனம்.

1851ஆம் ஆண்டில் பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தகட்டு முறைப்படி, அயோடைடு கலந்த கொலோடியன் என்னும் பிசுபிசுத்த திரவத்தைக் கண்ணாடியில் பரப்பி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் உலருமுன் படமெடுத்து, அப்போதே உருத்துலக்கியும் ஆகவேண்டும். ஆகையால் ஸ்கீன், ஸ்கோவன் முதலிய புகைப்பட நிலையத்தார் தோட்டங்களுக்குப் போகையில், கருவியுடன் இருட்டுக் கூடாரம், மருந்துப் புட்டிகள், கண்ணாடிப் பெட்டி யாவும் மலையேற வேண்டியிருந்தது. அவற்றைச் சுமந்த தலைகள் யாருடையவை என்று ஊகிப்பது கடினமன்று.

நல்ல வெயிலிலும் தகட்டுக்குச் சில விநாடி வெளிச்சம் தேவை. அதற்குள் கை அசைந்தால் படத்தில் அந்தக் கை புகையாய்க் கரைந்துவிடும். ஆதலால் வேலை செய்வதாகக் காட்டவேண்டுமானால் வேலையை நிறுத்தித்தான் காட்டமுடியும். மேலும், நீல ஒளிக்கே பெரிதும் வசப்படும் அத்தகட்டுக்குச் சிவப்பு ஏறக்குறையத் தெரியாது. எனவே சிவப்புச் சேலை கறுத்தது, நீலவானம் வெறுங்காகிதமாய் வெளுத்தது, கறுத்த முகங்களோ உள்ளதினும் இருண்டன.

டென்னிசனையும் டார்வினையும் படமெடுத்துப் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார், 1875ஆம் ஆண்டில் இலங்கையில் குடியேறியபின், தோட்டத் தொழிலாளரையும் கிராமத்தாரையும் அதே சிரத்தையோடு நிறுத்திவைத்து எடுத்தார். ஆயினும் டார்வினின் படத்துக்குப் பெயர் உண்டு. தொழிலாளரில் பெரும்பாலோர் பெயரின்றியே நிற்கின்றனர். இதற்கு இரசாயனத்தைக் குறைகூற இயலாது.

1871இல் ரிச்சர்டு லீச் மேடாக்ஸ் அறிவித்த உலர்தகடு விருத்தியடைந்து, விநாடியின் சிறு கூறே போதும் என்றாகிவிட்டது. பதுளைக்கு ரயில் வந்த 1924இல் அசைவு கருவிக்கு ஒரு பொருட்டன்று. அப்படியிருந்தும் தபாலட்டைக்காகவும் விளம்பரத்துக்காகவும் வந்தவர்கள் கொழுந்துக்காரியைச் சிரிக்கச் சொல்லி நிறுத்தினார்களேயன்றி, விடியுமுன் ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்துக்கோ, இடுப்பில் கட்டிய படங்கில் மழைநீர் வழிய அவள் கூடையிறக்கும் நிறுவைத் தராசுக்கோ கருவியைத் தூக்கிச் சென்றவர் சிலரே.