முறையை வாடகைக்கு விட்டால் மற்றவர் முறை குறையுமா?

ஒரு பொருளைப் பலர் கூட்டாக உடைமை கொள்ளுமிடத்து, அதனை யார் எப்பொழுது ஆள்வது என்னும் வினாவும் உடன் எழும். வயலுக்கும் கிணற்றுக்கும் நெடுங்காலமாக இருந்துவரும் இவ்வினா இன்று விடுமுறை விடுதிகளுக்கும் எழுந்துள்ளது. ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையைப் பல ஆண்டுகளுக்கு முற்பணம் செலுத்தி வாங்கும் வழக்கம், இந்தியாவிலும் மேனாடுகளிலும் வாழும் நம் பழைய மாணவர் சிலரிடையே பரவியிருக்கின்றது. ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில் ஒரு பகுதியை இதிலிட்டவர்களும் உளர். அவர்கள் விடுமுறைக்கு ஊர் வரும்போது கூறும் முறைப்பாடு ஒன்று உண்டு: “பிள்ளைகளின் பாடசாலை விடுமுறைக்கு இடம் கேட்டால் இல்லை என்கிறார்கள். அதே விடுதியில், அதே வாரத்தை, வேறோர் அங்கத்தவர் வாடகைக்கு விடுவதாக விளம்பரம் வருகின்றது. அவர் அதனை வாடகைக்கு விடுவதனாலன்றோ எங்களுக்கு இடமில்லாமற் போயிற்று?”

இம்முறைப்பாட்டில் உண்மையும் உண்டு, பிழையும் உண்டு. இரண்டையும் பிரித்தறிந்தாலன்றி, உரிமை வாங்கியவர் யாரிடம் எதனைக் கேட்பது என்பது தெளிவாகாது. ஆதலின் இக்கட்டுரையில் அதனை ஒழுங்காக ஆராய்வோம்.

றக்வானைப் பகுதியிற் பிறந்து வளர்ந்தோர்க்கு இதன் அடிப்படை புதியதன்று. மலைச்சரிவுகளில் தேயிலைத் தோட்டங்கள் இருக்க, அவற்றின் கீழே பள்ளத்தாக்குகளில் சிங்களக் கிராம மக்களின் நெல்வயல்கள் கிடக்கின்றன. சப்பிரகமுவ மாகாணத்திலும் ஈரவலயத்தின் பிற பகுதிகளிலும் இத்தகைய வயல்கள் பலவற்றை ஆண்டுவந்த ஒரு முறைக்குத் ‘தட்டுமாறு’ என்பது பெயர். தந்தைக்கு வயல் ஒன்று, மைந்தர் இருவர். வரம்பிட்டுப் பிரித்தால் இருவர்க்கும் போதிய நிலம் இராது. ஆகவே வயலைப் பிரியாது காலத்தைப் பிரித்துக்கொள்வர். ஓராண்டு மூத்தவன் முழு வயலையும் விதைப்பான். மறு ஆண்டு இளையவன் விதைப்பான். இவ்விருவர்க்கும் மும்மூன்று மைந்தர் இருப்பின், பேரன் ஒருவனுக்கு அவ்வயல் ஆறாண்டுக்கு ஒருமுறை வந்து சேரும். அடுத்த தலைமுறையில் அது பன்னிரண்டு ஆண்டுக்கும் பதினெட்டு ஆண்டுக்கும் ஒருமுறையாகிவிடும்.

தன் முறை வந்த ஆண்டில் ஒருவன் கொழும்பில் உத்தியோகத்தில் இருக்கின்றான் எனக் கொள்வோம். அவன் அவ்வயலை வாரத்துக்கு விடுகின்றான். இதனால் அடுத்த ஆண்டுக்கு உரியவனுடைய முறை தள்ளிப்போகின்றதா? இல்லை. உரியவன் உழுதாலும் வாரக்குடி உழுதாலும் அவ்வாண்டு அவனுடையது. மறு ஆண்டு மற்றவனுடையது. வடக்கே கூட்டுக் கிணற்றில் இறைப்பு முறை உடையவன் தன் முறையை அயலவனுக்கு விட்டுக்கொடுப்பதும், தோட்ட லயங்களிற் பிடிக்கும் சீட்டில் ஒருத்தி தன் முறையை அவசரமுடைய மற்றொருத்திக்குக் கொடுப்பதும் இத்தகையனவே. முறை இன்னாருக்கு இன்ன நாள் என்று நிலைபெற்றிருக்கும்வரை, ஒருவர் தம் முறையை யாருக்குக் கொடுத்தாலும் மற்றையோரின் முறைக்குக் குறைவு வாராது.

தீங்கு வருமாயின் அது வேறு வழியாக வரும். ஓராண்டுக்கு மட்டும் வரும் குடியானவன் வரம்பைச் செப்பனிடுவதிலும் மண்ணுக்கு எருவிடுவதிலும் கருத்தூன்றான். அடுத்த ஆண்டு வருபவன் நலிந்த வயலையே பெறுவான். தட்டுமாறு முறைமேல் வேளாண்மை அறிந்தோர் கூறிவந்த குறைகளுள் இது தலையாயது. அந்நிலையிலும் குறைவது வயலின் தரமேயன்றி ஒருவன் முறையன்று.

மேனாட்டார் இக்கருத்தை விடுதிக்குப் பொருத்தியது 1960களில். 1963ஆம் ஆண்டில் சுவிற்சலாந்தில் ஹபிமாக் என்னும் நிறுவனம் தோன்றிற்று. பிரான்சு தேசத்து அல்ப்ஸ் மலைச்சாரலிலும் அத்தசாப்தத்திலேயே விடுதி அறைகள் வாரக்கணக்கில் விற்பனையாயின. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கிய ஆர்.ஸி.ஐ. என்னும் நிறுவனம், ஓரிடத்து வாரத்தை வேறோரிடத்து வாரத்துக்கு மாற்றிக்கொள்ள வழிசெய்தது. தமிழ்நாட்டில் 1986ஆம் ஆண்டு சென்னையில் ஸ்டெர்லிங் நிறுவனம் தோன்றிக் கொடைக்கானல், உதகமண்டலம் முதலிய மலைவாழிடங்களில் விடுதிகளை நடத்தலாயிற்று. 1996இல் மகிந்திரா நிறுவனம் இத்துறையிற் புகுந்து கிளப் மகிந்திரா என்னும் பெயரில் அங்கத்தவரைச் சேர்த்தது. ஆங்கிலத்தில் ‘டைம்செயார்’ எனப்படும் இதனை நாம் ‘காலப்பங்கு’ எனலாம்.

தொடக்கத்தில் விற்கப்பட்டவை பெரும்பாலும் நிலையான வாரங்களாகும். பதினாறாம் வாரத்தை வாங்கியவர்க்கு ஆண்டுதோறும் பதினாறாம் வாரமே உரியது. அவர் தாமே வரலாம், மைத்துனருக்குக் கொடுக்கலாம், அந்நியருக்கு வாடகைக்கும் விடலாம். பதினேழாம் வாரத்தாருக்கு அதனால் யாதொரு நட்டமும் இல்லை. இது தட்டுமாறு வயலை முற்றும் ஒத்தது.

பின்னர் வந்த புள்ளி முறையே இன்றைய பிணக்குக்குக் காரணம். 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டிஸ்னி நிறுவனம் தொடங்கிய விடுமுறைக் கழகம் இதற்குப் பெயர்பெற்றதோர் எடுத்துக்காட்டு. இம்முறையில் அங்கத்தவர்க்கு வாரம் குறிக்கப்படுவதில்லை. ஆண்டுதோறும் இத்தனை புள்ளிகள் எனக் கணக்கில் வைக்கப்படும. மக்கள் பெரிதும் விரும்பும் நாளுக்குக் கூடிய புள்ளியும், விரும்பாத நாளுக்குக் குறைந்த புள்ளியும் செலவாகும். வேண்டிய நாளை முன்பதிவு செய்தல் வேண்டும்; முந்தியவர்க்கே இடம். இங்கே முறை நிலைத்திருப்பதில்லை. ஆண்டுதோறும் ஓடிப் பிடிக்கவேண்டியதாகின்றது.

ஒரு சிறு கணக்கினால் இதனை விளக்குவோம். பத்து அறைகள் கொண்டதொரு மலைநாட்டு விடுதியைக் கற்பனை செய்க. திருத்த வேலைக்கு இரு வாரங்களை ஒதுக்கினால், ஓர் அறைக்கு ஐம்பது வாரமாக மொத்தம் 500 வாரங்கள் உள. அவற்றை 500 குடும்பங்கள் ஆளுக்கு ஒரு வாரமாக வாங்கியுள்ளன. ஏப்பிரல் மாதத்தின் சிறந்த மூன்று வாரங்களில் இருப்பவை 30 இடங்களே. அவற்றை 150 குடும்பங்கள் விரும்புகின்றன எனின், நூற்றுக்கு இருபது பேருக்கே இடம் கிட்டும். ஒருவரும் வாடகைக்கு விடாத காலத்திலேயே நிலைமை இதுதான் என்பதை முதலிற் கருத்திற் கொள்ளவேண்டும். ஏப்பிரலில் இடம் கிடையாமைக்கு முதற்காரணம் வாடகையன்று. விரும்புவோர் பலராகவும் நாள்கள் சிலவாகவும் இருத்தலே.

இனி, இவ்வாண்டு வர இயலாத குடும்பங்கள் 50 என்போம். அவர்கள் வாளாவிருந்தால் மழைக்காலத்தில் ஐம்பது வாரங்கள் வெறுமையாகக் கிடக்கும். ஏப்பிரலுக்குப் போட்டியும் 150 பேரோடு நிற்கும். அவர்கள் தம் உரிமையை வாடகைக்கு விட்டு, அவ்வாடகையாளர் மழைக்காலத்தில் வந்து தங்கினால் எவர்க்கும் இடையூறில்லை. ஆனால் வாடகை மிகுதியாகக் கிடைப்பது ஏப்பிரலிலேயே. ஆகவே ஐம்பது குடும்பங்களும் ஏப்பிரலையே கேட்கும். இப்பொழுது 30 இடங்களுக்கு 200 பேர். நூற்றுக்கு இருபது என்பது பதினைந்தாகக் குறைந்துவிட்டது. அக்குடும்பங்கள் தாமே வருவனவாயின், ஐம்பதில் பதினைந்தோ இருபதோதான் ஏப்பிரலை விரும்பியிருக்கும். எஞ்சியவை தத்தம் வசதிப்படி வேறு மாதங்களில் வந்திருக்கும். வாடகை நோக்கம் புகுந்தவிடத்து எல்லாரும் ஒரே வாரத்தை நாடுகின்றனர்.

மொத்த இடங்களோ முன்போலவே 500. மொத்த உரிமையும் 500. ஒருவருடைய வாரத்தையும் மற்றொருவர் களவாடவில்லை. ஆயினும் நல்ல வாரங்களுக்குரிய நெருக்கடி கூடிவிட்டது. இதுவே இவ்விடயத்தின் சாரம்: வாடகையினால் இடத்தின் தொகை குறைவதில்லை, விரும்பிய நாளில் இடம் கிடைக்கும் வாய்ப்பே குறைகின்றது.

இதனினும் கடுமையான நிலை ஒன்று உண்டு. ஒருவரே பல குடும்பங்களின் புள்ளிகளை விலைக்கோ குத்தகைக்கோ சேர்த்து வைத்துக்கொண்டு, முன்பதிவு திறக்கும் நாளின் முதல் நிமிடத்திலேயே பதிந்துவிடுகின்றார். மேற்கூறிய 30 இடங்களில் பத்தை அவர் கொண்டால், மற்றவர்க்கு இருபதே எஞ்சும். விடுமுறைக்காகப் பதிபவர் தம் பிள்ளைகளின் பரீட்சைத் தவணையையும் தம் லீவையும் அறிந்த பின்னரே பதிய முடியும். வாணிபத்துக்காகப் பதிபவர்க்கு அத்தடை இல்லை. நாளை முதலிற் பிடித்து, வாடகையாளரைப் பின்னர்த் தேடுவார். ‘சேர்க்கிட் பங்களா’ என்று நாம் வழங்கும் அரசாங்கத் திணைக்கள விடுதிகளுக்கு ஏப்பிரலில் நுவரெலியாவில் எத்துணைப் போட்டி உண்டென்பதை அறிந்தவர்கள், உத்தியோகத்தர் பெயரிற் பதிந்த அறையிற் பிறர் தங்குமிடத்து ஏனைய உத்தியோகத்தர் கொள்ளும் மனவருத்தத்தையும் அறிவர்.

எனவே வாடகைக்கு விடுதலை முற்றாகத் தடைசெய்தல் தகுமா? தகாது என்பதே எமது துணிபு. காலப்பங்கு உடையவர், தங்கினாலும் தங்காவிட்டாலும் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்தவேண்டும். நோயாளி ஒருவர், கணவனை இழந்து தனித்துப் பயணஞ்செய்ய இயலாத மூதாட்டி ஒருவர், பிள்ளைகள் எல்லாரும் வெளிநாடு சென்றுவிட்ட பெற்றோர் ஆகியோர், அக்கட்டணத்தை ஈடுசெய்ய ஓராண்டு வாரத்தை வாடகைக்கு விடுவதில் குற்றமில்லை. அவ்வழியை அடைத்தால் அவர்கள் கட்டணம் செலுத்துவதை நிறுத்திவிடக் கூடும். அப்பொழுது கூரை திருத்துவதற்கும் வேலையாள் சம்பளத்துக்கும் ஆகும் செலவு ஏனைய அங்கத்தவர் தலையிலேயே விழும்.

மேலும், வாடகைக்கு வரும் அந்நியர் அனைவரும் அங்கத்தவரால் அனுப்பப்பட்டவர் என எண்ணுதலும் தவறு. விற்பனையாகாது எஞ்சிய அறைகளை நடத்துவோரே பொதுமக்களுக்கு வாடகைக்கு விடுவதுண்டு. பரிமாற்ற நிறுவனத்தின் வழியாக வேறிடத்து உரிமையாளர் வந்து தங்குவதும் உண்டு. உடன் அங்கத்தவர்மேற் பழி சுமத்துமுன், சிறந்த வாரங்களில் எத்தனை அறைகளை நடத்துவோர் தம் கையில் வைத்துள்ளனர் என்பதைக் கேட்டறிதல் வேண்டும்.

நெருக்கடியைக் குறைக்கும் வழிகளும் வழக்கிலுள்ளன. முதலாவது, பருவத்தைப் பிரித்து விற்பது. கிளப் மகிந்திரா ஆண்டை ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என நான்கு பருவங்களாகப் பிரித்துள்ளது. நீலம் வாங்கியவர் ஊதாப் பருவத்துக்குப் போட்டியிட இயலாது. ஆதலின் அவர் வாடகைக்கு விட்டாலும் ஊதாவுக்கு இடையூறில்லை. இரண்டாவது, முன்னுரிமைக் காலம். டிஸ்னிக் கழகத்தில் ஒருவர் எவ்விடுதிக்குரிய பங்கை வாங்கினாரோ அவ்விடுதியில் பதினொரு மாதத்துக்கு முன்பே பதியலாம். பிற விடுதிகளில் ஏழு மாதத்துக்கு முன்னரே பதியலாம். மூன்றாவது, அளவு. எப்பொழுதாவது வாடகைக்கு விடுவதை அனுமதித்து, அதனையே தொழிலாகச் செய்வதைத் தடுப்பது அக்கழகத்தின் விதி.

நான்காவது வழிக்கு நம்மவர் சட்டமே முன்மாதிரி. தேசவழமைக்கு உட்பட்ட கூட்டுக் காணியில் தன் பங்கை விற்க விரும்புபவன், முதலில் உடன்பங்காளர்க்கு அறிவித்தல் வேண்டும். அவர்களுக்கு முன்வாங்கும் உரிமையுண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் இதனை வகுத்தது. அது விற்பனை பற்றியதேயாயினும் அதன் நியாயம் இங்கும் பொருந்தும். சிறந்த வாரமொன்றைப் பதிந்தபின் வர இயலாதவர், அதனை முதலிற் காத்திருக்கும் அங்கத்தவர்க்கு ஒரு நியாயமான தொகைக்குக் கொடுக்கட்டும். அவர்கள் வேண்டாதவிடத்து அந்நியர்க்கு விடட்டும்.

ஆகவே, இவ்வுரிமையை வாங்க எண்ணும் நம் சகோதரர்கள் கையொப்பமிடுமுன் ஐந்து வினாக்களைக் கேட்டுக்கொள்க. எனக்குரியது நிலையான வாரமா, பருவமா, அன்றி வெறும் புள்ளியா? முன்பதிவு எத்தனை மாதத்துக்கு முன் திறக்கும்? ஒருவர் எத்தனை புள்ளிகள் சேர்க்கலாம், எத்துணை வாடகைக்கு விடலாம் என்பதற்கு எல்லையுண்டா? சிறந்த வாரங்களில் நடத்துவோர் தமக்கென வைத்திருப்பது எவ்வளவு? ஆண்டுக் கட்டணம் எவ்வாறு உயரும்? இவற்றுக்கான விடை விற்பனையாளரின் வாயில் இருந்தாற் போதாது. உடன்படிக்கைப் பத்திரத்தில் எழுத்தில் இருத்தல் வேண்டும். தம் நாள்களைத் தாமே முன்கூட்டி வகுக்கவல்லார்க்குப் புள்ளி முறை பயன் தரும். பாடசாலை விடுமுறையை நம்பியிருக்கும் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் நிலையான வாரமே ஏற்றது.

முன்னரே வாங்கிவிட்டவர்கள், வாடகைக்கு விடும் ஒவ்வொருவரையும் பகைவராகக் கொள்ளாது, அங்கத்தவர் ஒன்றுகூடி முன்பதிவு விதிகளைத் திருத்துமாறு கேட்டல் நன்று. தட்டுமாறு வயலிற் பங்காளர் பலராகியும் முறை பிறழாது பல தலைமுறை நின்றதற்குக் காரணம், இவ்வாண்டு யாருடையது என்பதைக் கிராமத்தார் அனைவரும் அறிந்திருந்தமையேயாம். விடுதியின் முன்பதிவுப் பட்டியலும் அவ்வாறே எல்லா அங்கத்தவர்க்கும் தெரிய இருப்பின், பிணக்கிற் பாதி அன்றே தீர்ந்துவிடும்.