உங்களுக்குத் தெரியுமா? கறுப்புக் காய்க்கு ஒரு கோட்டை

பெரம்பலூரிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில் ரஞ்சன்குடிக் கோட்டை இருக்கிறது. சுற்றிலும் அகழி. உள்ளே வெட்டுக்கல் மதில்கள், ஒன்றைவிட ஒன்று உயரமாக மூன்று அடுக்கு. மேலே கோட்டைமேடு, கீழே பேட்டை. எதிரி முதல் மதிலைத் தாண்டினாலும் அடுத்த மதில் காத்திருக்கும். சதுரங்கத்தில் கறுப்புக் காய் பிடிப்பவர்களுக்கும் இதே கணக்கில் கட்டப்பட்ட தற்காப்புகள் உண்டு. வெள்ளைக்கு எப்போதும் ஒரு நடை முந்துதல். அவசரப்பட்டு எதிர்த்தடிக்காமல், சிப்பாய்களை மதிலாக நிறுத்தி, உள்ளே படையைத் திரட்டிக்கொண்டு, பிறகு அடிப்பது இந்தத் தற்காப்புகளின் வழி.

✦

1751-இல் வாலிகண்டபுரம், ரஞ்சன்குடி வட்டாரத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். ஆற்காட்டு நவாப் பதவிக்காக முகமது அலி ஒரு பக்கம், சந்தா சாகிப் மறுபக்கம். வரலாற்று நூல்களில் இது ‘வாலிகொண்டா போர்’. அடுத்த நூற்றாண்டில் அதே இரு நாட்டாரும் சதுரங்கப் பலகையில் மோதினார்கள். 1834-இல் லண்டன் சங்கமும் பாரிஸ் சங்கமும் தபாலிலேயே நடைகளை அனுப்பி இரண்டு ஆட்டம் ஆடின. இரண்டிலும் பாரிஸுக்கு வெற்றி. அதில் கறுப்புக் காயோடு பாரிஸ் கையாண்ட தொடக்கத்துக்குத்தான் ‘பிரெஞ்சு டிஃபென்ஸ்’ என்ற பெயர் நிலைத்தது.

✦

அந்தத் தற்காப்பு எப்படி இருக்கும்? வெள்ளை தன் ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளும். கறுப்பு அதே சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தும், அதாவது இ6. வெள்ளை டி4-க்கு இன்னொரு சிப்பாயைத் தள்ள, கறுப்பு அடுத்த நடையில் ராணிக்கு முன்னால் உள்ள சிப்பாயை டி5-க்குத் தள்ளி நடுப்பலகையில் மோதும். வெள்ளை தன் சிப்பாயை இ5-க்கு முன்னேற்றினால் நடுப்பகுதி பூட்டிக்கொள்ளும். இரு பக்கச் சிப்பாய்களும் முட்டிக்கொண்டு நிற்க, காய்கள் சுற்றுவழியாகத்தான் போக வேண்டும். இப்படிப்பட்ட நிலையைத்தான் ‘மூடிய ஆட்டம்’ என்கிறார்கள்.

பூட்டியபின் என்ன செய்வது என்பதில்தான் பல பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். உள்ளேயே உட்கார்ந்திருந்தால் மூச்சு முட்டித் தோற்போம். வெள்ளையின் சிப்பாய்ச் சங்கிலிக்கு அடிப்பகுதி டி4-இல் இருக்கிறது. கறுப்பு தன் சிப்பாயை சி5-க்குத் தள்ளி அந்த அடியில் இடிக்க வேண்டும். மரத்தை வெட்டுகிறவர் நுனியிலா கோடரி வைக்கிறார்? சங்கிலியை அடியில் தாக்கு என்ற இந்தப் பாடத்தை ஆரோன் நிம்சோவிச் 1925-இல் வெளிவந்த தன் புகழ்பெற்ற நூலில் விரித்து எழுதினார். பிறகு தருணம் பார்த்து எஃப்6 தள்ளி, சங்கிலியின் தலையையும் அடிக்கலாம். சி5, எஃப்6 என்ற இந்த இரண்டு அடிகளையும் எப்போது, ஏன் அடிக்கிறோம் என்று விளங்கிக்கொண்ட பிள்ளை பிரெஞ்சு டிஃபென்ஸில் பாதியைக் கற்றுவிட்டது என்றே சொல்வேன்.

✦

இந்தக் கோட்டைக்குள் ஒரு கைதியும் உண்டு. சி8-இல் நிற்கும் மந்திரிக்குத் தன் சொந்தச் சிப்பாயே இ6-இல் வழியை அடைத்துவிடும். அந்தக் குறை பிடிக்காதவர்களுக்கு காரோ-கான் டிஃபென்ஸ் இருக்கிறது. அதில் முதல் நடை சி6. மந்திரி வெளியே வர வழி திறந்திருக்கும். ஹொராஷியோ காரோ, மார்கஸ் கான் என்ற இருவர் 1886-இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். இருவர் பெயரும் சேர்ந்தே நின்றுவிட்டது.

✦

சாத்தனூர்க் கல்மரத்தை நம் ஊர்ப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். 18 மீட்டருக்கும் நீளமாகக் கிடக்கும், சுமார் 12 கோடி ஆண்டு வயதுள்ள அடிமரம். கடல் இருந்த மண் இது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் இன்று அரியலூர் ஆலைகளில் சிமென்ட் ஆகிறது. சதுரங்கத்திலும் ஒரு கல்சுவர் உண்டு. டச்சு டிஃபென்ஸின் ஒரு கிளைக்கு ‘ஸ்டோன்வால்’ என்று பெயர். எஃப்5, இ6, டி5, சி6 ஆகிய நான்கு கட்டங்களில் கறுப்புச் சிப்பாய்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். வெள்ளை எவ்வளவு முட்டினாலும் சுவர் லேசில் அசையாது. ஆனால் இ5 கட்டத்தில் ஓர் ஓட்டை. அதில் வெள்ளைக் குதிரை வந்து உட்கார்ந்தால் விரட்டச் சிப்பாய் கிடையாது. சி8 மந்திரிக்கும் பழைய கதைதான். அதை டி7, இ8 வழியாக எச்5 வரை நடத்திக் கொண்டுபோவது இந்த ஆட்டத்தின் அழகான வேலைகளில் ஒன்று. பழைய ஆட்டம் என்று பலர் ஒதுக்கிய இதை, 2015-இல் ஜெர்மனியின் கிரென்கே போட்டியில் கார்ல்சன் எடுத்து ஆனந்தை வென்றார்.

✦

கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்த ஜான் காக்ரேன், 1850-களில் மகேஷ் சந்திர பானர்ஜி என்ற வங்காளியோடு ஏராளமான ஆட்டங்கள் ஆடினார். பானர்ஜி நாட்டுப்புறத்திலிருந்து வந்தவர். நம் நாட்டுப் பழைய முறையில் சிப்பாய்க்கு முதல் நடையிலும் ஒரு கட்டம்தான். அந்தப் பழக்கத்தோடு வந்தவர், சிப்பாய்களை அடக்கி வைத்து, மந்திரியை மூலையோரம் நிறுத்தி, ஐரோப்பியர் பார்த்திராத தற்காப்புகளை ஆடிக் காட்டினார். இன்று உலகமெங்கும் ‘இந்தியன் டிஃபென்ஸ்’ என்று ஒரு குடும்பமே இருக்கிறதே, அதன் பெயருக்கு வேர் அந்த ஆட்டங்களில்தான். ஒரு கிராமத்து ஆட்டக்காரரின் பழக்கம் உலகப் பாடமானது! பெரம்பலூரில் இருந்துகொண்டு நம்மால் முடியுமா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதை அடிக்கடி சொல்ல வேண்டும்.

✦

ஜெர்மனியின் வுல்ஃப்காங் ஊல்மான் பிரெஞ்சு டிஃபென்ஸையே வாழ்நாள் முழுக்க ஆடியவர். 1960-இல் புவனோஸ் ஐரிஸில் பாபி ஃபிஷரையே அதை வைத்துத் தோற்கடித்தார். அந்த ஊல்மானை 1962-இல் ஸ்டாக்ஹோம் இன்டர்சோனல் போட்டியில் வீழ்த்தியவர் நம் மானுவல் ஆரோன். இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். 1972-இல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் அவர் தொடங்கிய டால் செஸ் கிளப்பில்தான் சிறுவன் ஆனந்த் வந்து ஆடினான்.

✦

1927 உலகப் பட்டப் போட்டியில் கபாப்ளாங்காவும் அலெகினும் 34 ஆட்டங்கள் ஆடினார்கள். அதில் 32 ஆட்டங்கள் ஒரே தொடக்கம்: குயின்ஸ் காம்பிட் டிக்ளைன்டு. டி5, இ6 என்று இரண்டு சிப்பாய்கள் கைகோத்து நிற்கும் அதே மூடிய கோட்டை. மிச்சமிருந்த இரண்டில் ஒன்று முதல் ஆட்டம். அதில் அலெகின் கறுப்புக் காயோடு பிரெஞ்சு டிஃபென்ஸ் ஆடி ஜெயித்தார்.

97 ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பர் 25, சிங்கப்பூர். மறுபடியும் உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டம், மறுபடியும் பிரெஞ்சு டிஃபென்ஸ், மறுபடியும் கறுப்புக்கு வெற்றி. ஆடியவர் டிங் லிரென். 42 நடைகளில் தோற்றவர் நம் குகேஷ். 13-ஆவது ஆட்டத்தில் டிங் அதே கோட்டைக்குள் மீண்டும் புகுந்துகொண்டார். குகேஷ் 69 நடைகள் முட்டிப் பார்த்தும் அது டிராவில்தான் முடிந்தது.

✦

காஸ்பரோவ் 15 ஆண்டு வைத்திருந்த பட்டம் போனதும் ஒரு மதிலில் மோதித்தான். 2000-ஆம் ஆண்டு லண்டனில் கிராம்னிக் கறுப்புக் காயில் ‘பெர்லின் டிஃபென்ஸ்’ ஆடினார். எட்டாவது நடையிலேயே இரண்டு ராணிகளும் பலகையைவிட்டு வெளியேறிவிடும். நான்கு ஆட்டங்களில் முயன்றும் காஸ்பரோவால் அதை உடைக்க முடியவில்லை. அதற்கு ‘பெர்லின் சுவர்’ என்றே பெயர் வந்துவிட்டது. 2013-இல் சென்னையில் ஆனந்துக்கும் இதே அனுபவம். அவர் ராஜாவின் சிப்பாயைத் தள்ளித் தொடங்கிய நான்கு ஆட்டங்களில் கார்ல்சன் ஒரு முறை காரோ-கான், மூன்று முறை பெர்லின். மூன்று டிரா, ஒன்றில் கறுப்பே வென்றது.

✦

பெற்றோரும் ஆசிரியர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திறந்த ஆட்டத்தில் ஒரு நடையை மறந்தால் பத்தே நடையில் ராஜா மாட்டிக்கொள்ளும். மூடிய ஆட்டத்தில் காய்கள் மோத நேரமெடுக்கும். ஒரு நடை தவறினாலும் யோசித்துச் சரிசெய்ய இடமிருக்கும். மனப்பாடத்தைவிட அமைப்பைப் புரிந்துகொள்வதுதான் இங்கே வேலை. பக்கத்தில் பயிற்சியாளர் இல்லாத, கணினி வாங்க வசதி இல்லாத பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு பழைய பலகையும், கூட ஆட ஒரு தோழனும், தோற்ற ஆட்டங்களை எழுதி வைக்க ஒரு நோட்டும் போதும். ஆனால் வாரத்துக்கு ஒரு தற்காப்பு என்று மாற்றாதீர்கள். ஒன்றைப் பிடித்து ஓராண்டு ஆடவிடுங்கள்.

✦

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை ரஞ்சன்குடிக்கு அழைத்துப் போங்கள். பையில் ஒரு செஸ் போர்டும் இருக்கட்டும். அகழியையும் மூன்று மதில்களையும் காட்டிவிட்டு, கோட்டைமேட்டு நிழலில் பலகையை விரித்து, கறுப்புக் காய்களை அவர்கள் பக்கம் வையுங்கள்.