ராத்திரி குளிர வேண்டும் தக்காளிக்கு

வாணியம்பாடி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: கோலாரில் வாங்கிய தக்காளி நாற்றை மார்ச்சில் மாடியில் வைத்தாராம். செடி தளதளவென்று வளர்ந்து பூத்துக் குலுங்குகிறது, ஒரு காய்கூட நிற்கவில்லை. உரம் போதவில்லையா?

உரத்தில் குறையில்லை அம்மா, ராத்திரிதான் காரணம். இரவில் 15 முதல் 20 டிகிரி இருந்தால் தக்காளி நன்றாகக் காய் பிடிக்கும். பகல் 35-ஐத் தாண்டி, இரவும் 25-க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் மலடாகி, பூ காம்பின் கணுவில் கழன்று விழும். இதில் எனக்கு ஓயாத வியப்பு ஒன்று உண்டு. சூடு பெரிதும் கெடுப்பது விரிந்த பூவை அல்ல. விரிய ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும் மொட்டை. நேற்றுப் பெய்த மழை இன்றைய பூவைக் காப்பாற்றாது.

இரவுக் குளிரின் அருமை எங்கள் வீட்டுக்குத் தெரியும். அப்பா வேலை பார்த்த கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அடியில் பாறை 60 டிகிரிக்கு மேல் சுட்டது. அந்த வெக்கையில் ஷிப்ட் முடித்து வரும் அப்பா, தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் குளிர்காற்றில் படுத்து எழுந்தால் மறுநாள் வேலைக்குத் தயார். தக்காளியும் அப்படித்தான், பகல் சூட்டை ராத்திரியில் ஆற்றிக்கொள்ளும். எங்கள் கோலார் மேட்டுநிலம் கடல்மட்டத்துக்கு மேல் 800 மீட்டரைத் தாண்டியது. உங்கள் ஊர் அதில் பாதி உயரம்கூட இல்லை.

ரகங்களும் வெவ்வேறு சூழலுக்கென்று பிறந்தவை. டெல்லியின் பூசா ஹைபிரிட் 1, இரவு 28 டிகிரியிலும் காய்க்கும். பூசா ஷீத்தல் 8 டிகிரிக் குளிரிலும் காய்க்கும். பெங்களூரு ஹெசரகட்டாவின் அர்கா ரக்‌ஷக் இலைச்சுருட்டு, வாடல், இலைக்கருகல் மூன்றையும் தாங்கும். இலைச்சுருட்டைப் பரப்பும் வெள்ளை ஈ பெருகும் கோடையில் அதைத் தாங்குவதே பெரிய பலம். பெரியகுளத்தின் பி.கே.எம். 1, அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து உருவானது. அந்த விதையை யாரோ காப்பாற்றி வைத்திருந்ததால்தான் அது கிடைத்தது. நாமோ கெட்டியான, லாரியில் நசுங்காத பழம் ஒன்றையே பன்னிரண்டு மாதமும் கேட்கிறோம். விதைக்கடையிலும் எல்லா ஊருக்கும் எல்லாப் பட்டத்துக்கும் ஒரே பாக்கெட்டை நீட்டுகிறார்கள். நஷ்டம் விவசாயிக்கு.

இந்தச் செடியைத் திட்டிப் பிடுங்காதீர்கள். அக்டோபர் கடைசியில் புதிதாக நாற்று விடுங்கள், டிசம்பர் குளிரில் பூக்கும். கோடையிலும் காய் வேண்டுமென்றால், இரவுச் சூட்டில் காய் பிடிக்கும் ரகமா என்று கேட்ட பிறகே விதைக்குக் காசு கொடுங்கள்.