தெளிந்த தண்ணீரில் இருக்கும் நைட்ரேட்

இரண்டு வருடமாக நன்றாக ஓடும் மீன் தொட்டி. தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிவாக இருக்கிறது. அதில் புதிதாக ஒரு ஜோடி கப்பி வாங்கி விடுகிறோம். மறுநாள் பார்த்தால் இரண்டும் தரையோடு ஒட்டிக் கிடக்கின்றன, செவுள்கள் படபடவென அடித்துக்கொள்கின்றன. மூன்றாம் நாள் செத்து மிதக்கின்றன. பழைய மீன்களுக்கோ ஒன்றும் ஆகவில்லை. கடைக்காரர் நோய் மீனைத் தலையில் கட்டிவிட்டார் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பல சமயம் குற்றவாளி அந்தத் தெளிந்த தண்ணீர்தான்.

மீன் தன் உடலில் உண்டாகும் அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகியும் அம்மோனியா சேரும். பில்டர் பஞ்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் இந்த நஞ்சை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இதை இரு வேறு நுண்ணுயிர்கள் பங்கிட்டுச் செய்கின்றன என்று 1890 வாக்கில் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி காட்டினார். இரண்டு வேலையையும் ஒரே பாக்டீரியா முடித்துவிடும் என்பது தெரியவந்தது 2015இல்தான். நெதர்லாந்து ஆய்வாளர்களுக்கு நைட்ரோஸ்பைரா என்ற அந்தப் பாக்டீரியா கிடைத்த இடம், மீன் வளர்ப்புத் தொட்டிகளோடு இணைந்த ஒரு பில்டர்!

இவ்வளவு செய்யும் பில்டருக்கு நைட்ரேட்டை வெளியேற்றத் தெரியாது. தண்ணீர் ஆவியானாலும் நைட்ரேட் போகாது. குறைந்த தண்ணீரை மட்டும் ஊற்றி நிரப்பிக்கொண்டே வந்தால் அது மாதாமாதம் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

அம்மோனியா, நைட்ரைட் அளவுக்கு நைட்ரேட் கொடியது அல்ல. செவுள் வழியாக அது எளிதில் உள்ளே நுழைவதில்லை. நுழைந்ததில் ஒரு பகுதி நைட்ரைட்டாக மாறி, ரத்தத்தின் ஹீமோகுளோபினில் உள்ள இரும்பைக் கெடுத்துவிடுகிறது. கெட்ட ஹீமோகுளோபினால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. அதனால்தான் மீன் மூச்சுக்குத் தவிக்கிறது. நைட்ரேட் மிகுந்த கிணற்று நீரில் கரைத்த பால் குடித்த கைக்குழந்தைகள் நீலம் பாரிப்பதை 1945இல் அமெரிக்காவின் அயோவாவில் மருத்துவர் ஹன்டர் காம்லி விவரித்தார்; அங்கும் நடந்தது இதே வேதிவினைதான். நைட்ரேட் மெல்ல மெல்ல ஏறியதால் பழைய மீன்கள் ஓரளவு பழகிக்கொண்டன. புது மீனுக்கு அந்த அவகாசம் இல்லை.

பதறிப்போய் மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பினால், பழகிய மீன்களும் அதிர்ச்சியில் சாகலாம். நைட்ரேட் உண்டாகும்போது அமிலமும் உண்டாவதால் பழைய தொட்டி நீர் புளித்திருக்கும். அம்மோனியா அதில் அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியமாக அடங்கிக் கிடக்கும். காரத்தன்மையுள்ள நீரை ஒரேயடியாக ஊற்றினால் அது மறுபடி நஞ்சாகிவிடும். நாளுக்குக் கால் பங்கு மாற்றுவதே நல்லது. லிட்டருக்கு 160 மில்லிகிராம் இருந்த நைட்ரேட், அப்படி மாற்றும்போது 120, 90, 68, 51 என இறங்கி ஐந்தாம் நாள் 38க்கு வந்துவிடும். அதுவரை தீனியை நிறுத்தி, ஏர் பம்பை முழு வேகத்தில் ஓடவிட வேண்டும்.

நைட்ரேட்டைப் பொதுவாக 40க்குக் கீழே, முடிந்தால் 20க்குள் வைத்திருப்பது நல்லது. டெஸ்ட் கிட்டில் மஞ்சள் நிறம் சிவப்பை நோக்கிப் போகப் போக நைட்ரேட் அதிகம் என்று பொருள். பல கிட்களில் இரண்டாவது புட்டியை நன்றாகக் குலுக்காமல் ஊற்றினால் அளவு குறைவாகக் காட்டி ஏமாற்றும். வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றுவது, கூழாங்கற்களுக்கிடையே தேங்கும் கசடைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பது, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கே தீனி போடுவது — இவை போதும். மணி பிளான்ட்டின் வேரைத் தொட்டி நீரில் தொங்கவிட்டால் அதுவும் கொஞ்சம் நைட்ரேட்டை உறிஞ்சி வளரும்.

ஊற்றும் தண்ணீரையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். இந்தியத் தரப்படி குடிநீரிலேயே லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை நைட்ரேட் இருக்கலாம். ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே அந்த அளவு இருந்தால், எத்தனை முறை மாற்றினாலும் தொட்டியில் அதற்குக் கீழே இறங்காது. அப்போது மழைநீரையோ ஆர்.ஓ. நீரையோ கலந்துதான் ஆக வேண்டும்.