நிலைக்காலின் கடைசி அரை அடி

மார்கழி பிறந்துவிட்டால் பெயிண்ட் கடைகளில் நிற்க இடமிருக்காது. பொங்கலுக்குள் வீட்டுக்கு வெள்ளையடித்தாக வேண்டும். இப்போதெல்லாம் பெயிண்ட் டப்பாவோடு இன்னொன்றும் சேர்ந்து போகிறது: ஒரு டின் பசை, கூடவே விரல் நீள டியூபில் ஹார்டனர். டிங்கரிங் கடையில் அடிபட்ட காருக்குப் பட்டி பார்ப்பார்களே, அந்தப் பாலியஸ்டர் பேஸ்ட்தான். விவரம் தெரிந்தவர்கள் எபாக்ஸி கேட்டு வாங்குகிறார்கள். குழாய் ஒழுகினால் எம்-சீலைப் பிசைந்து அப்புகிறோமே, அந்த ரகம். ‘ஆசாரியைத் தேடி அலைய வேண்டாம், அழுகின கதவை அரை நாளில் நீங்களே சரிபண்ணலாம்’ என்று செல்போனில் வீடியோ ஓயாமல் ஓடுகிறது.

சரிபண்ணலாம்தான். பசை நல்ல பசை. அது விற்கிற மாதம்தான் நம் ஊருக்குத் தோதுப்படவில்லை.

வீட்டில் மரம் கெடுகிற இடங்கள் எல்லாருக்கும் தெரியும். ஜன்னல் சட்டத்தின் கீழ்மூலை, பாத்ரூம் கதவின் அடி, சிங்க்குக்குக் கீழே இருக்கிற அலமாரி. இதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டலாம், யாரும் வருத்தப்பட மாட்டார்கள். வாசல் நிலை அப்படியில்லை. நல்ல நாள் பார்த்து, மஞ்சள் தடவி, மாவிலை கட்டி, அடியில் நவதானியமும் காசும் போட்டு நிறுத்திய மரம். அதைப் பெயர்க்கப் போகிறேன் என்றால் வீட்டுப் பெரியவர்கள் முகம் மாறிவிடும். துணிந்து பெயர்த்தாலும் செலவு மரத்தோடு நிற்காது. இரண்டு பக்கமும் சுவருக்குள் இரும்புக் கிளாம்ப் இறங்கியிருக்கும். பூச்சு உடையும், தரை உடையும், அதற்கொரு கொத்தனார், அவருக்கொரு சித்தாள். கெட்டுப்போனது தரையை ஒட்டிய அரை அடிதான் என்றால், அதை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டுப் பசையால் அடைப்பது கெட்டிக்காரத்தனம் என்றுதான் சொல்வேன்.

அந்த அரை அடி மட்டும் ஏன் கெடுகிறது? காலையில் வாசல் தெளிக்கிற தண்ணீர், படி கழுவிவிடுகிற தண்ணீர், வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசுவதற்கு முன்னால் துடைக்கிற ஈரத்துணி எல்லாம் அங்கேதான் வந்து சேர்கின்றன. நிலைக்கால் நெட்டுக்கு நிற்பதால் மரத்தின் நீர்க்குழல்கள் வாய் திறந்திருப்பது அடியில். பக்கவாட்டில் உறிஞ்சுவதைவிட அந்த வெட்டுவாய் வழியாக மரம் பல மடங்கு வேகமாகத் தண்ணீர் குடிக்கும். போதாதென்று, பழைய சிவப்புத் தரையைப் பெயர்க்காமல் அதன்மேலேயே கலவை பரப்பிப் புது டைல்ஸ் ஒட்டுகிறார்கள். தரை ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் உயர்கிறது. அதுவரை காற்றாட நின்ற கால் சிமெண்டுக்குள் புதைகிறது. நனைந்தால் காய வழியே இல்லை. பாட்டன் காலத்திலிருந்து அசையாமல் நின்ற நிலை, டைல்ஸ் போட்ட சில வருஷத்தில் இற்றுப்போகிறதே என்று கேட்பவர்கள், முதலில் அந்த டைல்ஸ் விளிம்பைக் குனிந்து பார்க்கலாம்.

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டில் பின்கட்டு நிலையைப் பார்க்க ஆசாரி வந்திருந்தார். கார்த்திகை மாதம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. வீட்டு ஆச்சி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“பெரியவங்க வச்ச நிலை தம்பி. கழட்டுற பேச்சை மட்டும் எடுக்காதீக.”

“கழட்டல ஆச்சி. அழுகினது எதுவரைக்கும்னு பாக்கிறேன்.”

திருப்புளியை வைத்து லேசாக அழுத்தினார். பெயிண்ட் தோலைக் கிழித்துக்கொண்டு பொசுக்கென்று உள்ளே போனது. ஒரு விரற்கடை மேலே நகர்த்திக் குத்தினார், அதுவும் போனது. நாலாவது குத்தில் ‘டக்’கென்று நின்றது. மறுபடி குத்தினார், நின்றது. “இதுக்கு மேல வைரம் ஆச்சி. பர்மா தேக்குல்ல.” வெளியே வந்த தூளை விரலில் நசுக்கிக் காட்டினார். கறுப்பாக ஈரம் ஒட்டியது. பெயிண்ட்டைச் சுரண்டி, இற்றதைக் கோரி எடுத்துவிட்டு, கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டார்.

“அடைக்கலையா?”

“பங்குனி வரட்டும் ஆச்சி. இப்ப அடைச்சா உள்ள இருக்கிற தண்ணிய நாமளே பூட்டி வச்ச மாதிரி.”

“பொங்கலுக்குப் புள்ளைக வருதுகளே.”

“வரட்டும். ஓட்டைக்கு முன்னால ஒரு குத்துவிளக்க வைங்க.”

‘பங்குனி வரட்டும்’ என்கிற இந்த ஒரு பதிலை வீடியோக்காரர்கள் யாரும் சொல்லிக் கேட்கவில்லை. தமிழ்நாட்டின் வருஷ மழையில் கிட்டத்தட்ட பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டித்தான் கொட்டுகிறது. மரம் வருஷத்திலேயே அதிக ஈரத்தோடு இருப்பது அது முடிகிற சமயத்தில். அந்த நேரம் பார்த்துத்தான் நாம் டின்னும் டியூபும் வாங்கி வருகிறோம். மரம் ஈரத்தில் குறுக்குவாட்டில் ஊதும், காய்ந்தால் சுருங்கும்; நீளவாட்டில் மாற்றம் மிகச் சொற்பம். அதிகம் அசையாத மரம் என்று பேர்வாங்கிய தேக்கே, பச்சை நிலையிலிருந்து முழுக்கக் காயும்போது வளையத்தை ஒட்டிய திசையில் ஏறத்தாழ 6 சதவீதம் சுருங்குகிறது. பசை இறுகிய பிறகு ஊதவும் ஊதாது, சுருங்கவும் சுருங்காது. மார்கழியில் ஊதிய மரத்தில் வைத்த பசையைச் சுற்றி, அக்னி நட்சத்திரத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு விழுகிறது. அடுத்த ஐப்பசியில் தண்ணீர் அந்தக் கோட்டில் இறங்கும். பெயிண்ட்டும் பசையும் வெளியே விடாது. அழுகல் பழையபடி தொடங்கும், இந்தத் தடவை கண்ணுக்குத் தெரியாமல். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் பூஞ்சைக்குப் பிழைப்பு கிடையாது. அதற்கு மேலே இருந்தால் எந்த ஊர்ப் பசையாலும் அதைத் தடுக்க முடியாது.

பங்குனியில் அந்த ஆசாரி செய்தது நிதானமான வேலை. குழிக்குள் மிச்சமிருந்த தூளை பிரஷ்ஷால் தட்டினார். குழியின் வாயைவிட அடிப்பக்கம் சற்று அகலமாக இருக்கும்படி உளியால் செதுக்கினார்; இறுகியபின் கழன்று விழாமல் இருக்க அது ஒரு பிடி. வைரத்தில் மூன்று திருகாணிகளைப் பாதி மட்டும் முறுக்கித் தலையை வெளியே விட்டார், அதுவும் பிடிக்குத்தான். பிறகு எபாக்ஸியின் இரண்டு பாகத்தையும் சம அளவு கிள்ளி, இரண்டு நிறமும் கலந்து ஒரே நிறமாகும்வரை பிசைந்தார். கோடு கோடாகத் தெரிந்தால் அந்த இடம் இறுகாது. ஒரே அப்பாக அப்பவில்லை. முதல் அடுக்கைக் குழியின் மூலைமுடுக்கெல்லாம் கட்டைவிரலால் அழுத்தி ஏற்றினார். அடுத்த அடுக்கை மரத்தின் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்க விட்டார். மறுநாள் 80 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 120, கடைசியில் 220. பிரைமர். பெயிண்ட். நிலைக்காலின் அடியைச் சுற்றி டைல்ஸை விரல் அகலம் வெட்டி எடுத்ததும் அந்த வேலையில் சேர்த்தி. என்னைக் கேட்டால் அதுதான் பாதி வேலை.

கையுறை போட்டிருந்தார். பலர் போடுவதில்லை. இறுகாத எபாக்ஸி தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாள் ஒவ்வாமை பிடித்துக்கொள்ளும். பிடித்தால் சாதாரணமாக விடாது.

பாலியஸ்டர் பேஸ்ட்டுக்குக் கை வேகம் வேண்டும். நூறு கிராமுக்கு ஏறத்தாழ 2 கிராம் ஹார்டனர்தான். ‘சீக்கிரம் இறுகட்டும்’ என்று கூடப் பிதுக்கினால் கத்தியிலேயே இறுகிவிடும், சித்திரை வெயிலில் சொல்லவே வேண்டாம். கலக்கும்போது சூடாவது அதன் சுபாவம். அதனால் ஆழக் குழிக்கு ஒரே தடவையில் கொட்டக் கூடாது. தெர்மோகோல் கிண்ணத்தில் கலந்தால் பேஸ்ட்டிலுள்ள ஸ்டைரீன் கிண்ணத்தையே கரைத்துவிடும். பழைய டைல்ஸ் துண்டு ஒன்று போதும். வீட்டுக்குள் நனையாத இடத்துக்குப் பாலியஸ்டர் தாராளமாகப் போதும், விலையும் குறைவு. வாசல் நிலை, வெளிஜன்னல் என்றால் எபாக்ஸிதான். அதையும் வெயிலில் வெறுமனே விடக் கூடாது. பூத்துப்போகும், மேலே பெயிண்ட் வேண்டும். கீல் திருகாணி பிடிக்க வேண்டிய இடத்தில் பாலியஸ்டரை நம்பாமல், தேக்குக் குச்சியை ஃபெவிகாலில் முக்கி அடிப்பது உத்தமம்.

அழுகின பாகத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புது மரத்தை ஒட்டுப் போடுவதுதான் முறை என்று மூத்த ஆசாரிகள் சொல்வார்கள். பாலிஷ் போட்ட கதவுக்கு அவர்கள் சொல்வது சரி. பாத்ரூமுக்குக் கிரானைட் நிலையும் ஃபைபர் கதவும் போட்டுவிட்டால் தொல்லையே இல்லை என்பவர்களும் உண்டு.

என் கவலை வேறு. வீட்டுக்காரர் தன் வீட்டில் அடைத்துக்கொண்டால் விரிசல் விடும்போது அவரே பார்ப்பார். விற்கப் போகிற வீட்டிலும் வாடகைக்கு விடப் போகிற வீட்டிலும் அடைப்பது யாருக்காக? கரையான் ஓடிய சட்டத்தில் மண்ணைக்கூடத் தட்டாமல் பேஸ்ட்டை இழுத்து, அன்று சாயங்காலமே எனாமல் அடித்துவிட்டுப் போகிறார்கள். பசையைக் கரையான் தின்னாது, உண்மைதான். பசையைச் சுற்றிக்கொண்டு பக்கத்து மரத்துக்குப் போகும். பளபளவென்று இருக்கிற கதவைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்தவருக்கு முதல் மழையில்தான் விஷயம் தெரியவரும்.

பழைய வீடுகளை இடித்துக் கொண்டுவந்து விற்கிற மரக்கதவுகளிலும் இதே கதைதான். உடைந்த பூவேலைக்கு எபாக்ஸியில் மரத்தூளைக் கலந்து வடிவம் பிடித்து, கறுத்த பாலிஷ் ஏற்றிவிட்டால் சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. சொல்லி விற்றால் அது கைவேலை, காசு கொடுக்கலாம். சொல்லாமல் தேக்கு விலை வாங்குவதை என்னவென்று சொல்வது?

கண்டுபிடிக்க வழி இல்லாமல் இல்லை. விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைக் கதவின் பக்கவாட்டில் வைத்து அடித்தால், மரத்தின் இரேகை ஓடிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுபோகும். பசை அங்கே தொடங்குகிறது. ஒரு ரூபாய் நாணயத்தால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தால் கணீரென்ற சத்தம் மாறி ‘பொத்’தென்று விழும். கீழே அரை அடியில் மட்டும் பெயிண்ட் மற்ற இடத்தைவிட வழவழப்பாக இருந்தால் சந்தேகப்படலாம். நல்ல மரத்தை யாரும் மூன்று உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதில்லை. வீடு பார்க்கப் போகிறவர்கள் மார்கழி, தையில் போகாமல் வைகாசியில் போனால் பாதி விரிசல்கள் தாமாகவே வாய் திறந்திருக்கும்.

இன்னொன்று, பாத்ரூம் கதவின் அடிவிளிம்பு. கதவைக் கழற்றினால்தான் அங்கே பெயிண்ட் அடிக்க முடியும். அவசரத்துக்கு அடித்தவர் கழற்றியிருக்க மாட்டார். செல்போனைத் தரையில் வைத்து, கேமரா மேலே பார்க்க, கதவுக்கு அடியில் மெதுவாகத் தள்ளிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புரோக்கர் ஒருமாதிரி பார்ப்பார். பார்க்கட்டும், இரண்டாவது பாத்ரூமிலும் எடுங்கள்.